நூலக ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவது யார்? கல்வி நிறுவன நூலகர்களுக்கு ஒரு வழிகாட்டி

தரவுத்தளம் ஒன்றுக்கோ மின்னிதழ்த் தொகுப்பு ஒன்றுக்கோ சந்தா செலுத்துவது என்று முடிவானதும், விற்பனையாளரிடமிருந்து உரிம ஒப்பந்தக் கோப்பு மின்னஞ்சலில் வந்து சேரும். அதன் கடைசிப் பக்கத்தில் பெயர், பதவி, தேதி, கையொப்பம் ஆகியவற்றுக்கான இடங்கள் காலியாக இருக்கும். அவற்றுக்கு மேலே, கீழே கையொப்பமிடுபவர் தம் நிறுவனத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் அதிகாரம் உடையவர் என்று உறுதி கூறும் வாக்கியம் ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். நூலகருடன்தான் விலை பேசப்பட்டது என்பதால், விற்பனைப் பிரதிநிதி அந்தக் கோப்பை நூலகருக்கே அனுப்பியிருப்பார். அவர் கையொப்பமிடலாமா என்ற கேள்விக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஆனால் தம் நிறுவனத்தில் அதற்கான விடை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதை எந்த நூலகரும் சில மணி நேர உழைப்பில் கண்டுபிடித்துவிட முடியும். இந்த வழிகாட்டி அதற்காகவே எழுதப்பட்டது.

தொடங்கும் முன் மூன்று அதிகாரங்களைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். எந்த வளம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரம் முதலாவது. இது அநேகமாக எல்லா இடங்களிலும் நூலகத்திடமே இருக்கிறது. ஒதுக்கப்பட்ட நிதியிலிருந்து செலவு செய்ய ஒப்புதல் தரும் அதிகாரம் இரண்டாவது. ஒரு வரம்பு வரை இதுவும் நூலகத் தலைவரிடம் இருக்கக்கூடும். நிறுவனத்தை ஒப்பந்தக் கடப்பாடுகளுக்கு உட்படுத்தும் அதிகாரம் மூன்றாவது. முதல் இரண்டும் கையில் இருப்பதால் மூன்றாவதும் தாமாகவே வந்துவிட்டது என்று எண்ணுவதுதான் இத்துறையில் மிகப் பரவலான பிழை. பட்டியலுக்குப் பணம் வழங்க ஒப்பமிடும் ஒருவர், வழக்கு வந்தால் எந்த நாட்டு நீதிமன்றத்துக்கு நிறுவனம் போக வேண்டும் என்பதையும் முடிவு செய்யலாம் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் உரிம ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்போது அவர் அதைத்தான் செய்கிறார்.

ஒப்பந்தத் தரப்பு யார் என்று முதலில் பாருங்கள்

கையொப்பத்தைப் பற்றிக் கவலைப்படும் முன் ஒப்பந்தத்தின் முதல் பத்தியைப் படிக்க வேண்டும். அங்கே வாங்குபவராக 'மைய நூலகம்' என்றோ நூலகக் கட்டடத்தின் பெயரோ எழுதப்பட்டிருந்தால், அந்த இடத்திலேயே திருத்தம் தேவைப்படுகிறது. நூலகம் பெரும்பாலான நிறுவனங்களில் ஒரு துறை மட்டுமே. அதற்கெனத் தனிச் சட்ட ஆளுமை இல்லாததால், அது தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவோ வழக்குத் தொடரவோ முடியாது. தரப்பாக நிற்க வேண்டியது பல்கலைக்கழகம் அல்லது கல்லூரி. சில இடங்களில் அதை நடத்தும் அறக்கட்டளை, சங்கம் அல்லது ஆட்சிக்குழு.

நிறுவனத்தை அன்றாடம் அழைக்கும் பெயரும் அதன் சட்டப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தங்களில் தரப்பாக எழுதப்படுவது அதன் ஆட்சிக்குழுவான ரீஜென்ட்கள். ஹார்வர்டுக்கு 'ஹார்வர்டு கல்லூரியின் தலைவரும் உறுப்பினர்களும்' என்பது சட்டப் பெயர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு வேந்தரையும் கல்லூரித் தலைவர்களையும் அறிஞர்களையும் குறிப்பிடும் நீண்ட பெயர் உண்டு. உங்கள் நிறுவனத்தின் சரியான பெயர் அதன் சாசனத்திலோ அதை நிறுவிய சட்டத்திலோ பதிவுச் சான்றிலோ இருக்கும். பெயர் பிழையாக இருக்கும் ஒப்பந்தம் எல்லா நேரமும் செல்லாமல் போய்விடும் என்று சொல்ல முடியாது. ஆனால் தரப்பு யார் என்று தெளிவானால்தான், அத்தரப்பின் சார்பில் கையொப்பமிடத் தக்கவர் யார் என்ற அடுத்த கேள்விக்குப் போக முடியும்.

அதிகாரத்தின் சங்கிலியைத் தேடுவது

கையொப்ப அதிகாரம் பதவியின் மதிப்பிலிருந்து பிறப்பதில்லை. நிறுவனச் சட்டமோ சாசனமோ அதை முதலில் ஆட்சிக்குழுவுக்குத் தருகிறது. ஆட்சிக்குழு தன் விதிகளாலோ தீர்மானத்தாலோ துணைவேந்தர், தலைவர், பதிவாளர், நிதி அலுவலர் போன்ற ஒருவருக்கு அதை அளிக்கிறது. அவர், தமக்கு அனுமதி இருந்தால், எழுத்துமூல ஆணை வழியாகக் கொள்முதல் பிரிவின் தலைவருக்கோ நூலகத் தலைவருக்கோ அதில் ஒரு பகுதியைப் பகிர்ந்தளிக்கிறார். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு காகிதம் இருக்க வேண்டும். 'இதுவரை நூலகர்தான் கையொப்பமிட்டு வந்திருக்கிறார்' என்பது ஒரு தகவல்தான். அதை அந்தக் காகிதத்துக்கு ஈடாகக் கொள்ள முடியாது.

எனவே, யாரைக் கேட்பது என்று தொடங்காமல், எந்த ஆவணத்தைக் கேட்பது என்று தொடங்குவது நல்லது. பதிவாளர் அலுவலகத்திடமோ நிதிப் பிரிவிடமோ சட்டப் பிரிவிடமோ 'அதிகாரப் பகிர்வு ஆணை' அல்லது 'கையொப்ப அதிகாரக் கொள்கை' எந்தப் பெயரில் இருக்கிறதோ அதன் நடப்புப் பிரதியை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் பழக்கம் பற்றிய விவரணையாகவே இருக்கும்.

பிரதி கைக்கு வந்ததும் அதைக் கூர்ந்து படிக்க வேண்டும், ஏனெனில் நூலகங்கள் இடறி விழுவது அதன் சிறு சொற்களில்தான். முதலாவது தொகை வரம்பு. வரம்பு ஓராண்டுச் செலவுக்கா, ஒப்பந்தக் காலம் முழுமைக்குமான கடப்பாட்டுக்கா என்று பாருங்கள். ஆண்டுக்கு வரம்பின் பாதியளவு செலவாகும் ஒரு சந்தா, மூன்றாண்டு ஒப்பந்தமாகக் கையொப்பமாகும்போது வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஆண்டுதோறும் விலை உயரும் என்ற விதி இருந்தால் அவ்வுயர்வையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஒரே விற்பனையாளரிடம் வாங்குவதைப் பல துண்டுகளாக உடைத்து ஒவ்வொன்றையும் வரம்புக்குள் கொண்டுவருவதை ஏறக்குறைய எல்லாக் கொள்முதல் விதிகளும் தடை செய்கின்றன. தணிக்கையாளர் முதலில் தேடுவதும் அதையே.

இரண்டாவது, ஆணை எவ்வகை ஒப்பந்தங்களைச் சுட்டுகிறது என்பது. 'நூல்கள், பருவ இதழ்கள் வாங்குதல்' என்று பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஆணை, மின்வள உரிமத்தையோ நூலக மேலாண்மை மென்பொருளையோ உள்ளடக்குமா என்பது விவாதத்துக்குரியது. நூலை வாங்கினால் அதன் உடைமை கைமாறுகிறது. உரிமத்திலோ தொடர்ந்து நீடிக்கும் கடமைகளை நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. இந்த வேறுபாட்டை அறியாத காலத்தில் எழுதப்பட்ட ஆணையை நீட்டிப் பொருள் கொள்வதைவிட, திருத்தம் கேட்டுப் பெறுவதே பாதுகாப்பானது.

மூன்றாவது, அதிகாரம் பதவிக்குத் தரப்பட்டதா, பெயர் சுட்டிய ஒரு நபருக்கா என்பது. நபருக்குத் தரப்பட்டிருந்தால் அவர் பணி மாறியதும் அது முடிந்துபோகிறது. பதவிக்குத் தரப்பட்டிருந்தாலும், பொறுப்பு வகிப்பவர் என்ற நிலையில் இருப்பவருக்கு அது செல்லுமா என்பதை ஆணை தனியாகச் சொல்ல வேண்டும். நான்காவது, மறுபகிர்வு. மேலதிகாரி தமக்குக் கிடைத்ததைத் தமக்குக் கீழிருப்பவருக்குக் கொடுக்க மூல ஆணை இடம் தராவிட்டால், அவர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு 'நீங்களே போட்டுவிடுங்கள்' என்று மின்னஞ்சல் அனுப்பினாலும் அது அதிகாரமாகாது. நூலகத் தலைவர் விடுப்பில் செல்லும் மாதங்களில் இந்த நான்காவது கேள்விதான் அடிக்கடி தலைதூக்குகிறது, அதுவும் பெரும்பாலும் சந்தா முடியும் வாரத்தில்.

நடைமுறையில் காணப்படும் அமைப்புகள்

சில நிறுவனங்களில் எல்லா ஒப்பந்தங்களும் மையக் கொள்முதல் பிரிவின் வழியாகவே செல்கின்றன. நூலகம் தேவையை எழுதி அனுப்புவதோடு சரி. சிலவற்றில் நிதித் தலைவரோ பதிவாளரோ கையொப்பமிடுகிறார்கள், நூலகமும் சட்டப் பிரிவும் அதற்கு முன்பே படித்துக் குறிப்பு எழுதுகின்றன. வேறு சிலவற்றில் ஒரு தொகை வரை நூலகத் தலைவரே கையொப்பமிடலாம். சிறு கல்லூரிகளில் முதல்வரோ தாளாளரோ நேரடியாகக் கையொப்பமிடுவதும் உண்டு.

இவற்றுள் எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், வரம்புக்குட்பட்ட அதிகாரம் நூலகத் தலைவருக்கு எழுத்தில் இருப்பதும், வரம்புக்கு மேற்பட்டவையும் கீழே சொல்லப்போகும் சில விதிகளைக் கொண்டவையும் மேலே செல்வதுமே சரியான ஏற்பாடு என்பேன். எல்லாம் மேலே போக வேண்டும் என்ற ஏற்பாடு பார்வைக்குப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான புதுப்பித்தல்கள் நடக்கும் இடத்தில் அந்த மேசையில் எவரும் எதையும் படிப்பதில்லை. கோப்பு வருகிறது, முத்திரை விழுகிறது, போகிறது. மறுபுறம், எல்லாமே நூலகத்திலேயே முடிந்துவிடும் இடத்தில், இழப்பீட்டு விதி ஒன்றின் விளைவை எடைபோடும் பயிற்சி யாருக்கும் இருப்பதில்லை.

தொகை சிறிது, கடப்பாடு பெரிது

கையொப்ப வரம்புகள் பணத்தை மட்டுமே அளக்கின்றன. உரிம ஒப்பந்தத்திலோ பணத்தோடு தொடர்பில்லாத கனமான விதிகள் இருக்கின்றன. ஆகவே, வரம்புக்குள் இருக்கும் ஒப்பந்தத்தையும் பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் சட்டப் பிரிவுக்கு அனுப்புவது நூலகத்தின் உள்வழக்கமாக இருக்க வேண்டும்.

விற்பனையாளருக்கு ஏற்படும் இழப்பையெல்லாம் நிறுவனம் ஈடு செய்யும் என்ற பொறுப்பேற்பு விதி முதலில் வருகிறது. மாணவர் ஒருவர் விதியை மீறி ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தரவிறக்கினால் அதற்கு நிறுவனம் எல்லையின்றிப் பொறுப்பேற்கும் என்று அது நீளக்கூடும். அமெரிக்காவின் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு இத்தகைய பொறுப்பேற்பையோ வேறொரு மாநிலச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதையோ ஏற்கும் அதிகாரமே சட்டப்படி கிடையாது. அங்கே துணைவேந்தர் நிலையில் உள்ளவர் கையொப்பமிட்டாலும் நிலைமை மாறாது. யாருக்கும் இல்லாத அதிகாரத்தை ஒருவர் மற்றொருவருக்குப் பகிர்ந்தளிக்க முடியாது என்பதால், உங்கள் நிறுவனம் அரசு சார்ந்ததா என்பது இவ்விடத்தில் முக்கியமாகிறது.

அடுத்தது வாசகர் தரவு. பயனரின் பெயர், மின்னஞ்சல், தேடல் வரலாறு ஆகியவற்றை விற்பனையாளர் கையாள்வதாக இருந்தால், 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 28ஆம் பிரிவு அதற்கு எழுத்துமூல ஒப்பந்தம் கோருகிறது. வேறு பல நாடுகளிலும் இதையொத்த சட்டங்கள் வந்துள்ளன. தரவு கையாளும் உடன்படிக்கை பெரும்பாலும் உரிம ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாகத் தனிக் கையொப்பத்தோடு வரும். அதில் கையொப்பமிடும் அதிகாரம் நூலகத் தலைவரின் கொள்முதல் அதிகாரத்துக்குள் அடங்குவது மிக அரிது.

தானாகப் புதுப்பிக்கும் விதியையும் இங்கேயே சொல்ல வேண்டும். முடிவுத் தேதிக்கு 60 அல்லது 90 நாட்கள் முன்பு எழுத்தில் மறுக்காவிட்டால் இன்னொரு காலத்துக்கு ஒப்பந்தம் நீளும் என்று அது கூறும். இதனால், ஒரு முறை பெறப்பட்ட கையொப்பம், புதிதாக யாரும் கையொப்பமிடாமலேயே வரம்பைத் தாண்டிய கடப்பாட்டை உருவாக்குகிறது. விலையை வெளியிடக் கூடாது என்ற இரகசிய விதியும் இத்தகையதே: அரசு நிதியில் இயங்கும் நிறுவனங்கள் தகவல் பெறும் சட்டங்களுக்கு உட்பட்டவை என்பதால், அந்த வாக்குறுதியைக் கொடுக்க நூலகருக்கு மட்டுமன்றி எவருக்கும் உரிமை இருக்காது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சட்டப் பிரிவு எத்தனை திறமையானதாக இருந்தாலும் அதற்குப் புலப்படாத விதிகள் உண்டு. உரிமம் பெற்ற பயனர் யார், நேரில் வந்து படிக்கும் வெளி வாசகர் அதில் அடங்குவாரா, நூலகங்களுக்கிடையேயான இரவலுக்கு இடமுண்டா, சந்தா நின்ற பின் பழைய இதழ்களைத் தொடர்ந்து அணுகலாமா, பயன்பாட்டுப் புள்ளிவிவரம், மின்வளப் பயன்பாட்டைக் கணக்கிடும் பொதுத் தரமான கவுன்டர் நடைமுறைக் கோவையின்படி தரப்படுமா, பார்வைக் குறைபாடு உடையோர் பயன்படுத்த முடியுமா ஆகியவை நூலகரால் மட்டுமே தீர்ப்புச் சொல்லக்கூடிய கேள்விகள். பெருந்தொகுப்புகளைக் கணினியால் அலசும் உரை, தரவு அகழ்வை எடுத்துக்கொண்டால், பிரிட்டன் 2014இல் வணிக நோக்கமற்ற ஆராய்ச்சிக்காக அதை அனுமதித்து, ஒப்பந்தத்தால் அதைத் தடுக்க முடியாது என்றும் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டின் பதிப்புரிமை நெறிமுறையில் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இதேபோன்ற பாதுகாப்பை அளித்தது. அத்தகைய பாதுகாப்பு இல்லாத நாடுகளில், ஒப்பந்தத்தில் கேட்டுப் பெறாத உரிமை கிடைக்காது. எனவே கையொப்பம் யாருடையதாக இருந்தாலும், நூலகத்தின் எழுத்துமூலக் குறிப்பு இல்லாமல் எந்த உரிம ஒப்பந்தமும் கையொப்பத்துக்குப் போகக் கூடாது என்பதை நிறுவன விதியாகவே ஆக்கிவிடுவது நல்லது. யேல் பல்கலைக்கழக நூலகத்தில் தொடங்கிய லிப்லைசென்ஸ் மாதிரி ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டு வேறுபாடுகளைக் குறித்தால் அக்குறிப்பை எழுதுவது எளிதாகும்.

சொடுக்கினால் போதும் என்ற ஒப்பந்தங்கள்

மேலே சொன்ன ஒழுங்கெல்லாம் கையொப்பக் கோடு இருக்கும் ஆவணங்களுக்குப் பொருந்துகிறது. ஆனால் நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறி அதிகாரம் கசிவது பெரும்பாலும் வேறு வழியில்: மின்வளப் பிரிவில் பணிபுரியும் ஒருவர், சோதனை அணுகலைத் திறப்பதற்காகவோ நிர்வாகப் பக்கத்தில் நுழைவதற்காகவோ, 'என் நிறுவனத்தின் சார்பில் இந்த விதிமுறைகளை ஏற்கிறேன்' என்ற பெட்டியைச் சொடுக்குகிறார். அவர் அதைக் கையொப்பமாகக் கருதுவதில்லை. நீதிமன்றங்கள் கருதக்கூடும். மென்பொருளை இயக்கும்போது திரையில் தோன்றிய உரிம விதிகள் பயனரைக் கட்டுப்படுத்தும் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1996இல் புரோசிடி வழக்கில் முடிவு செய்தது. 2002இல் நெட்ஸ்கேப் வழக்கில் மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், தரவிறக்கப் பொத்தானுக்குக் கீழே, திரையை நகர்த்தினால்தான் தெரியும் இடத்தில் இருந்த விதிகள் கட்டுப்படுத்தாது என்றது. விதிகள் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தனவா, ஏற்பு வெளிப்படையாக இருந்ததா என்பதே வேறுபாடு. நூலகங்களுக்கு வரும் நிர்வாகப் பக்கங்களில் இரண்டும் பொதுவாக இருக்கின்றன.

இதற்கு மூன்று ஏற்பாடுகளைப் பரிந்துரைப்பேன். ஒன்று, பேசி முடிக்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், இணையதளத்தில் தோன்றும் எந்தச் சொடுக்கு விதியைவிடவும் கையொப்பமிட்ட ஒப்பந்தமே மேலோங்கும் என்ற முன்னுரிமை விதியைச் சேர்க்கச் சொல்வது. விற்பனையாளர்கள் இதைப் பெரும்பாலும் தகராறின்றி ஏற்கிறார்கள். கேட்கப்படாததால்தான் அது விடுபடுகிறது. இரண்டு, கையொப்பமிட்ட ஒப்பந்தம் இல்லாத விற்பனையாளரிடம் சோதனை அணுகல் கேட்கும்போது, ஏற்பு விதிகளின் பிரதியை எடுத்து வைத்து, நூலகத் தலைவர் ஒப்புதல் தந்த பின்னரே சொடுக்குவது. மூன்று, இலவசம் என்று வரும் சேவைகளையும் இதே வரிசையில் நிறுத்துவது. பணம் கேட்காத சேவை கொள்முதல் பிரிவின் கண்ணில் படுவதேயில்லை, ஆனால் வாசகர் தரவைப் பற்றிய விதிகள் அங்கேதான் மிகத் தளர்வாக இருக்கின்றன.

அதிகாரம் இல்லாதவர் கையொப்பமிட்டிருந்தால்

பழைய கோப்புகளைப் புரட்டும்போது, அதிகாரம் இல்லாத ஒருவரின் கையொப்பம் அகப்படுவது அரிதான நிகழ்வன்று. அந்த ஒப்பந்தம் செல்லாது என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். ஒருவருக்கு உண்மையில் அதிகாரம் இல்லாவிட்டாலும், இருப்பதாக நிறுவனமே வெளியாருக்குத் தோற்றம் தந்திருந்தால், நிறுவனம் கட்டுப்படும் என்பது ஆங்கிலப் பொதுச் சட்ட மரபில் வேரூன்றிய கோட்பாடு. 1964இல் ஃப்ரீமன் அண்ட் லாக்கியர் வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தெளிவாக வகுத்தது. தோற்றம் நிறுவனத்தின் செயலால் எழுந்திருக்க வேண்டும். கையொப்பமிட்டவர் தாமே சொல்லிக்கொண்டது போதாது. பல ஆண்டுகளாக நூலகர் கையொப்பமிட்ட ஒப்பந்தங்களுக்கு நிதிப் பிரிவு கேள்வியின்றிப் பணம் அனுப்பி வந்திருந்தால், அத்தோற்றத்தை நிறுவனம் தானே உண்டாக்கிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிட இடமிருக்கிறது.

அரசு அமைப்புகளுக்கு இந்தக் கோட்பாடு அப்படியே பொருந்துவதில்லை. அரசோடு ஒப்பந்தம் செய்பவர், எதிரே இருக்கும் அலுவலரின் அதிகார எல்லையைத் தாமே சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1947இல் பயிர்க் காப்பீட்டு வழக்கு ஒன்றில் கூறியது. அலுவலரின் தவறான உறுதிமொழியை நம்பிய விவசாயிக்கு அதில் ஈடு கிடைக்கவில்லை. பெரிய விற்பனையாளர்கள் சிலர் அதிகாரச் சான்றின் பிரதியைக் கேட்பதற்கு இதுவே காரணம். அப்படிக் கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் நூலகர்களும் உண்டு. உண்மையில் அது இரு தரப்புக்கும் நன்மை.

பிழை கண்டுபிடிக்கப்பட்டால் செய்ய வேண்டியது இதுதான். ஒப்பந்தத்தைச் சட்டப் பிரிவுக்கும் அதிகாரம் உடையவருக்கும் எழுத்தில் தெரிவித்து, பின்னேற்பு, அதாவது நடந்து முடிந்ததற்குப் பின்னர் தரும் ஒப்புதல், கேட்க வேண்டும். அவர் படித்து ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அவர் மறுத்தால், புதிய ஒப்பந்தம் பேச வேண்டும் என்பதை விற்பனையாளருக்குத் தெரிவிப்பது சட்டப் பிரிவும் அவரும் ஏற்க வேண்டிய பொறுப்பு. இடைப்பட்ட காலத்தில் நூலகம் புதிதாகப் பணம் அனுப்புவதும், விற்பனையாளருக்கு விளக்கக் கடிதம் எழுதுவதும் கூடாது. இரண்டுமே பின்னர் ஏற்பாகப் படிக்கப்படலாம். கையொப்பமிட்டவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாவாரா என்ற அச்சம் இவ்வேளையில் எழும். நல்லெண்ணத்தோடு, மறைக்காமல் செய்ததை நிறுவனங்கள் பொதுவாக உள் ஒழுங்குக்குள்ளேயே தீர்த்துக்கொள்கின்றன. ஆயினும் அதிகாரம் இருப்பதாக உறுதி கூறிக் கையொப்பமிட்டவர் மீது எதிர்த்தரப்பு நேரடியாக உரிமை கோரும் வழி சட்டத்தில் இருக்கிறது. பணியாளரைக் காக்கும் பல நிறுவன விதிகள் அவர் தம் அதிகார எல்லைக்குள் செயல்பட்டால் மட்டுமே பொருந்தும்.

கூட்டமைப்பு வழியாக வாங்கும்போது

நூலகக் கூட்டமைப்பு விலை பேசியிருந்தால், யார் தரப்பு என்ற கேள்வி மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. கூட்டமைப்பு உறுப்பினர்களின் முகவராகக் கையொப்பமிடுகிறதா, தானே தரப்பாக நின்று உறுப்பினர்களுக்கு அணுகல் தருகிறதா, அல்லது சட்டகத்தை மட்டும் பேசி முடித்துவிட்டு ஒவ்வொரு நிறுவனத்தையும் தனியே கையொப்பமிடச் சொல்கிறதா என்று பாருங்கள். ஜெர்மனியில் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்காகப் பதிப்பகங்களோடு பேசும் டீல் திட்டம் வைலி பதிப்பகத்தோடு 2019 ஜனவரியில் உடன்பாடு கண்டபோது, பேச்சு நடத்திய திட்டம் கையொப்பமிடவில்லை. மாக்ஸ் பிளாங்க் கழகத்தைச் சார்ந்த எம்பிடிஎல் சர்வீசஸ் என்ற நிறுவனமே ஒப்பந்தத் தரப்பாக நின்று கையொப்பமிட்டது.

முதல் வகையில், கூட்டமைப்புக்கு உங்கள் நிறுவனம் அதிகாரம் கொடுத்த ஆவணம் எது, அதில் கையொப்பமிட்டவருக்கு அதிகாரம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். உறுப்பினராகச் சேரும் படிவம் பெரும்பாலும் நூலகரின் கையொப்பத்தோடு போயிருக்கும். மூன்றாவது வகையில், 'பங்கேற்பு உறுதிப் படிவம்' என்ற ஒற்றைப் பக்கம் வரும். அந்தப் பக்கம், நீங்கள் பார்த்திராத நாற்பது பக்க முதன்மை ஒப்பந்தத்தை முழுமையாக ஏற்பதாகச் சொல்லும். ஒற்றைப் பக்கமாக இருப்பதால் அதை நூலகத்திலேயே முடித்துவிடும் ஆசை வலிமையானது. முதன்மை ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி, படிவத்தோடு சேர்த்தே கையொப்பத்துக்கு அனுப்புங்கள்.

கையொப்பமே தேவைப்படாத நிலை

எல்லா மின்வளத்துக்கும் உரிம ஒப்பந்தம் வேண்டும் என்பதில்லை. அமெரிக்கத் தகவல் தர அமைப்பான நைசோ 2008இல் வெளியிட்டு 2012இல் திருத்திய செரு என்ற பரிந்துரை, சட்டப் பேச்சுவார்த்தை இல்லாமல், பொதுவான புரிதலின் அடிப்படையில் கொள்முதல் ஆணையோடு முடித்துக்கொள்ள இரு தரப்புக்கும் இடம் தருகிறது. சிறு பதிப்பகம், குறைந்த விலை, வாசகர் தரவு கைமாறாத நிலை ஆகிய மூன்றும் சேர்ந்தால் இது மிகப் பயனுள்ளது. அப்போது கொள்முதல் ஆணையை வழங்கும் அதிகாரம் யாருக்கு என்பது மட்டுமே மிஞ்சுகிறது. அது பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

கோப்பை அனுப்பும் முறை

கையொப்பமிடுபவர் நூலகத்துக்கு வெளியே இருந்தால், ஒப்பந்தத்தோடு ஒரு பக்கக் குறிப்பை இணையுங்கள். வளம் எது, மொத்தக் கடப்பாடு எவ்வளவு, காலம் எவ்வளவு, எந்த அதிகார ஆணையின் எந்தப் பிரிவின்படி அவர் கையொப்பமிடுகிறார், யார் யார் படித்தார்கள், மாற்றக் கேட்டு மாற்றப்படாத விதிகள் எவை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது மிகத் தேவையானது; அதை மறைத்துக் கோப்பை எளிதாக்கினால், கையொப்பமிட்டவர் அறியாமல் ஏற்ற விதிக்கு நூலகமே விடை சொல்ல வேண்டி வரும்.

மின் கையொப்பம் பெரும்பாலான நாடுகளில் செல்லுபடியாகும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுச் சட்டமும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014இன் ஈஐடாஸ் ஒழுங்குமுறையும் அதற்கு அடிப்படை. கவனிக்க வேண்டியது, விற்பனையாளரின் மின் கையொப்பத் தளம் யாருடைய மின்னஞ்சலுக்கு ஆவணத்தை அனுப்புகிறது என்பதே. அதிகாரம் உடையவரின் முகவரியை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அவருக்காக அவருடைய உதவியாளரோ நூலகப் பணியாளரோ இணைப்பைத் திறந்து கையொப்பமிடும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. இதைவிடத் தெளிவான அதிகாரமீறல் வேறில்லை, ஏனெனில் தளம் பதிவு செய்யும் நேரமும் இணைய முகவரியும் அதற்குச் சாட்சியாக நிற்கும்.

இரு தரப்பும் கையொப்பமிட்ட பிரதி திரும்பி வரும் வரை கோப்பை மூட வேண்டாம். பிரதி வந்ததும் மின்வள மேலாண்மை அமைப்பில் முடிவுத் தேதியோடு, மறுப்பு அறிவிப்புக்கான கடைசித் தேதியையும், கையொப்பமிட்டவரின் பதவியையும், அதிகார ஆணையின் எண்ணையும் பதிவு செய்யுங்கள். நூலகத் தலைவரோ பதிவாளரோ மாறும்போது ஆணையின் நடப்புப் பிரதியை மீண்டும் கேட்டு வாங்கி, விற்பனையாளர்களின் பதிவேடுகளில் 'அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர்' என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று எழுத்தில் விசாரித்துத் திருத்தச் சொல்லுங்கள். பணி ஓய்வு பெற்றவரின் பெயர் அங்கே தொடர்வது, அடுத்த புதுப்பித்தல் படிவம் யாரும் திறக்காத அஞ்சல் பெட்டிக்குப் போய்ச் சேரவும், மறுப்புத் தேதி தெரியாமலேயே கடந்து போகவும் போதுமானது.